ஆயாவின் காலண்டர்

போன ஐப்பசியில் ஒரு மழை ராத்திரி. திருவொற்றியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மாடி வராந்தாவில் நானும் சம்பந்தியும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். விடியற்காலை நாலேகால் மணிக்குக் கதவு திறந்தது. வெள்ளைத் துணிச் சுருள் ஒன்றை ஏந்திக்கொண்டு வந்த நர்ஸ் பெண், "தாத்தா யாரு? வந்து வாங்கிக்கோங்க" என்றாள்.

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன்.

சம்பந்திக்கு இது மூன்றாவது பேரக்குழந்தை. அவர் என் முதுகில் தட்டி, "உங்களைத்தான் சார் கூப்பிடுறாங்க" என்று சொன்ன பிறகுதான் எழுந்தேன். பெண் குழந்தை. 2 கிலோ 800 கிராம். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, யாரிடமோ கோபித்துக்கொண்ட மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இருந்தாள். என் கை நடுங்கியது. "கெட்டியா பிடிங்க தாத்தா" என்றாள் நர்ஸ்.

ஏன் திரும்பிப் பார்த்தேன் என்று வீட்டுக்கு வந்த பிறகு யோசித்தேன். தாத்தா என்று நான் யாரையும் கூப்பிட்டு வளர்ந்தவன் இல்லை. அப்பாவைப் பெற்றவர் நான் பிறப்பதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே போய்விட்டார். அம்மாவைப் பெற்றவரும் அம்மாவின் கல்யாணத்தைப் பார்க்கவில்லை. எங்கள் நைனாவோ 1981-ல், எனக்கும் தம்பிக்கும் கல்யாணம் ஆகும் முன்பே காலமானார். அப்போது அவருக்கு 55 வயசு. தெரிந்த வரையில் எங்கள் வழியில் பேரப்பிள்ளையைக் கையில் வாங்கிய முதல் ஆண்பிள்ளை நான்தான். 69 வயசில் இது எனக்கு உறைத்தது.

பேத்தியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அது எங்கள் ஆயாவின் கதையாகப் போகிறது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு ஆயா என்றால் பாட்டி என்று சொல்லத் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

தேதி இல்லாத காலண்டர்

சிலர் வீட்டில் ஏழு தலைமுறைப் பட்டியல் இருக்கும். ஓலைச்சுவடி இருக்கும், பட்டா இருக்கும், குலதெய்வக் கோயிலில் முதல் மரியாதை இருக்கும். நம்ம வடசென்னையில் பாதிப் பேருக்கு அதெல்லாம் கிடையாது. வேலை தேடி வந்து இறங்கியவர்கள் நாம். எங்கள் தாத்தா பொன்னேரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினெட்டு வயசில் துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தவர். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்தான் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் மதராஸ் துறைமுகத்தைத் திருத்திக் கட்டி, கப்பல்கள் நிம்மதியாக உள்ளே வந்து நிற்க வழி செய்திருந்தார். வேலைக்கு ஆள் தேவைப்பட்ட காலம். வந்தவர் ராயபுரத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். சொத்து என்று அவர் விட்டுப்போனது ஒரு இரும்புக் கொக்கி. மூட்டையைக் கொத்தித் தூக்கும் கொக்கி. ரொம்ப நாள் எங்கள் வீட்டு உறியில் தொங்கியது.

ஆனால் ஆயாவிடம் ஒரு காலண்டர் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஆயா மனசிலேயே வைத்திருந்த காலண்டர். அதில் தேதி கிடையாது, சம்பவங்கள்தான் உண்டு.

"ஆயா, உனக்கு இன்னா வயசு?" என்று கேட்டால், "எம்டன் குண்டு போட்டப்ப நான் பாவாடை கட்டிக்கினு ஓடுறேன். நீயே கணக்குப் போட்டுக்க" என்பார்.

எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மதராஸ் மேல் குண்டு வீசியது 1914 செப்டம்பர் 22 ராத்திரி. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனி டாங்குகள் பற்றி எரிந்தன. கெட்டிக்காரப் பயலை நாம் இன்றைக்கும் "சரியான எம்டன்" என்று சொல்கிறோமே, அந்த எம்டன்தான். ராயபுரம் வீட்டுத் திண்ணையிலிருந்தே வானம் சிவந்திருந்தது தெரிந்ததாம். ஆயாவுக்கு அப்போது ஏழெட்டு வயசு என்று வைத்தால், 1906 அல்லது 1907-ல் பிறந்திருக்க வேண்டும். ஆயாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் எம்டன் கொடுத்ததுதான்.

ஆயாவுக்குப் பிறந்த பிள்ளைகளும் இப்படித்தான். ஒன்பது பெற்றார், நாலு தங்கின. தலைச்சன் பெண் "மில்லு ஸ்டிரைக் வருஷத்துப் புள்ளை". அதாவது 1921. பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் வேலைநிறுத்தத்தில் புளியந்தோப்பு, பெரம்பூர் பக்கமெல்லாம் கலவரம் ஆன வருஷம். அந்தக் குழந்தை ஐந்து மாதம் இருந்தது. அடுத்தது பிறக்கும்போதே மூச்சில்லை. மூன்றாவதாக 1926-ல் எங்கள் நைனா. நைனாவுக்குப் பின்னால் பிறந்த ஆறு பேரில் இரண்டு அத்தைகளும் ஒரு சித்தப்பாவும் நின்றார்கள். மற்ற மூன்றும் போயின.

கடைசிப் பிள்ளையைப் பற்றி மட்டும் ஆயா ஒரே வார்த்தையில் சொல்வார்: "வாக்குவேசன்ல போச்சு."

எவாக்குவேஷன். 1942 ஏப்ரல். ஜப்பான் விமானங்கள் ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பைத் தாக்கின. மறுநாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது மதராஸ்தான் என்று ஊரே கிளம்பிவிட்டது. அரசாங்க அலுவலகங்களை உள்ளூர்ப் பக்கங்களுக்கு மாற்றினார்கள். துறைமுகத்தை ஒட்டி இருந்தவர்கள்தான் எல்லோருக்கும் முன்னால் பயந்தார்கள், பயப்படக் காரணமும் இருந்தது. நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஆயா, சட்டி பானையோடு மாட்டு வண்டியில் ஏறிப் பொன்னேரிப் பக்கத்துக் கிராமத்துக்குப் போனார். வைகாசியில் ஆண் குழந்தை பிறந்தது. நல்ல கனமான பிள்ளையாம். ஏழாம் நாள் பால் குடிக்க வாய் திறக்கவில்லை. தாடை கிட்டித்துக்கொண்டது. உடம்பு வில்லாக வளைந்தது. ஒன்பதாம் நாள் அடங்கிவிட்டது.

"பேரு வெக்கலியே ஆயா?"

"பதினாறு கழியாத புள்ளைக்கு இன்னாடா பேரு?"

ஒன்பதாம் நாள் கணக்கு

அது என்ன நோய் என்று ரொம்ப வருஷம் கழித்து, உத்தியோகத்தில் சேர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. பச்சைக் குழந்தைக்கு வரும் ரண ஜன்னி. டெட்டனஸ். மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி, தொப்புள்கொடியை அறுக்கும் கத்தியிலோ, அறுத்த இடத்தில் வைக்கும் சாம்பலிலோ தொற்றிக்கொண்டு உள்ளே போகும். இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள் காட்டும். அந்தக் காலத்தில் பதினாறாம் நாள் கழித்துத்தான் பெயர் வைத்துத் தொட்டிலில் போட்டார்கள். தீட்டுக் கணக்கு என்று சொன்னாலும், அந்தப் பதினாறு நாளுக்குள் எத்தனை பிள்ளைகள் போயின என்று பார்த்த அனுபவமும் அதில் கலந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மருத்துவச்சியைக் குறை சொல்ல நான் வரவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எழுந்து வருவார். தலை திரும்பாத பிள்ளையைத் தடவித் தடவியே திருப்புகிறவர்கள் இருந்தார்கள். கூலி ஒரு புடவையும் படி அரிசியும். அவருக்குக் கைப்பழக்கம் தெரியும், கிருமி தெரியாது. அது டாக்டர்களுக்கே ரொம்ப நாள் தெரியாது. 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டுக்குள் போகும் முன் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவுங்கள் என்றார். கழுவிய பிறகு தாய்மார் சாவு மளமளவென்று குறைந்தது. அப்படியும் கூட இருந்த டாக்டர்கள் பலர் அவரை நம்பவில்லை. படித்தவர்களே நம்பாதபோது பொன்னேரி மருத்துவச்சியை என்ன சொல்வது?

கர்ப்பிணிகளுக்கு டி.டி. ஊசி, கொதிக்க வைத்த கத்தரி, சுத்தமான நூல். இந்த மூன்றும் எல்லா ஊருக்கும் போய்ச் சேர எத்தனையோ வருஷம் ஆனது. இந்தியாவில் பிரசவத் தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் வரும் ரண ஜன்னி ஒழிந்தது என்று அறிவித்தது 2015-ல்தான். ஆயா வண்டி ஏறிய அந்தச் சித்திரைக்கு 73 வருஷம் கழித்து.

தாத்தா 1944-ல் மூன்று நாள் காய்ச்சலில் போனார். நைனாவுக்குப் பதினெட்டு வயசு. எட்டாவது வரை படித்திருந்ததால் மூட்டை தூக்கப் போகாமல், சரக்கை எண்ணி எழுதும் டாலி கிளார்க்காகத் துறைமுகத்துக்குள் நுழைந்தார். கொக்கியிலிருந்து பென்சிலுக்கு வந்தது எங்கள் குடும்பம்.

ஆயா எடுத்த முடிவு

"ராபின்சன் பார்க்குல மழை கொட்டுச்சே, அதுக்கு மறுவருசம் உங்கம்மாவைக் கட்டிக்கினு வந்தான்" என்பார் ஆயா. 1949 செப்டம்பர் 17, தி.மு.க. தொடங்கிய பொதுக்கூட்டம். வயசானவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டே கூட்டத்தில் நின்றவர்களில் நைனாவும் ஒருவர். ஆயா கட்சிக்காரர் இல்லை. மகன் தொப்பலாக நனைந்து வந்து நாலு நாள் ஜுரத்தில் கிடந்தது காலண்டரில் ஏறிவிட்டது. ஆக, கல்யாணம் 1950-ல்.

ஆறு வருஷம் பிள்ளை நிற்கவில்லை. இரண்டு தரம் கலைந்தது. மூன்றாம் தரம் அம்மாவுக்கு ஐந்தாம் மாதம் தாண்டியதும் ஆயா ஒரு முடிவு எடுத்தார். ஒன்பது பிள்ளையையும் வீட்டில் பெற்றவர், ஆஸ்பத்திரி என்றாலே சாகப் போகிற இடம் என்று நினைத்தவர், தெருவே கேட்கச் சொன்னாராம்:

"இந்தப் புள்ளைய வூட்ல பெத்துக்க வுட மாட்டேன். ராமசாமி ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும்."

ராமசாமி ஆஸ்பத்திரி என்றால் நம்மவர்களுக்குத் தெரியும். ராஜா சர் ராமசாமி முதலியார் பிரசவ ஆஸ்பத்திரி. ஆர்.எஸ்.ஆர்.எம். என்று நாலு எழுத்தில் சொல்வோம். பல பேர் இந்த ராமசாமி முதலியாரை ஆற்காடு ராமசாமி முதலியார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இவர் வேறு. இவர் சவளை ராமசாமி முதலியார். வெள்ளைக்காரக் கம்பெனிக்குத் துபாஷியாக இருந்து சம்பாதித்தவர், மதராஸ் ஷெரீப்பாகவும் இருந்தவர். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள சத்திரமும் அவர் கட்டியதுதான். அவர் கொடுத்த பணத்தில் 1880-களில் ராயபுரத்தில் வந்ததுதான் இந்தப் பிரசவ ஆஸ்பத்திரி. ஆற்காடு ராமசாமி முதலியாரின் இரட்டைச் சகோதரர் லட்சுமணசாமி முதலியாருக்கும் பிரசவ வைத்தியத்துக்கும் சம்பந்தம் உண்டு. எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரிக்குத் தலைவராக இருந்தவர். அவர் எழுதிய பிரசவ மருத்துவப் பாடநூலைத்தான் பல தலைமுறை டாக்டர்கள் படித்தார்கள். குழப்பம் வர இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நம்ம பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. ஒன்றும் இல்லாதவர்களுக்காகப் பிறந்தவை அவை. ஸ்டான்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 1782-ல் ஹைதர் அலியோடு நடந்த யுத்தத்தால் ஊரில் பஞ்சம். அப்போது பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் அதற்கு விதை. 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் அங்கே வைத்தியம் தொடங்கினார். அதனால் நம் பாட்டன்மார் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றார்கள். 1938-ல் மருத்துவக் கல்லூரி ஆகி, கவர்னர் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கிய பிறகும் ஆயா வாயில் அது கஞ்சித்தொட்டிதான். அந்த ஸ்டான்லி கல்லூரியோடு சேர்ந்ததுதான் ஆர்.எஸ்.ஆர்.எம்.

1956 மார்கழியில் ஒரு சாயங்காலம் அம்மாவைக் கை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு ஆயா போனார். நைனா பின்னால் நடந்தே போனார். ஆம்பிளைகளை உள்ளே விடமாட்டார்கள். ராத்திரி முழுக்க எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டே விடியவைத்தாராம். காலையில் ஆயா வெளியே வந்து, "ஆம்பளப் புள்ள. கத்துற கத்துல ஆர்பருக்கே கேட்டிருக்கும்" என்றார். அந்தப் பிள்ளைதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஆயா சிரிக்கவில்லையாம். அம்மா இதை எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருந்த நாளிலும், வீட்டுக்கு வந்த பிறகும், ஆயா ராத்திரியில் தூங்கவில்லை. சிம்னி விளக்கைச் சின்னதாக வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பால் குடிக்க வாய் திறந்தால் மூச்சு விடுவார். ஒன்பது ராத்திரி. பத்தாம் நாள் காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கல்மண்டபம் கடைத்தெருவுக்குப் போய் அரை வீசைக் கல்கண்டு வாங்கிவந்து தெருவில் வீடு வீடாகக் கொடுத்தார். "பொறந்து பத்து நாளாச்சே, இப்பத்தான் குடுக்குறியா?" என்று கேட்டவர்களுக்கு, "இன்னிக்குத்தான்டி எம் பேரன் பொறந்தான்" என்றாராம்.

பெயர் இல்லாத கட்டம்

விதியைப் பாருங்கள். இந்தப் பத்தாம் நாள் பேரன், பெரியவனாகி, வடசென்னைப் பக்கத்து நகராட்சி ஒன்றில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதும் வேலைக்கே போனான். முப்பத்து மூன்று வருஷம். மதராஸ் மாகாணத்துக்கு 1899-லேயே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. நாடு முழுக்க ஒரே சட்டம் 1969-ல் வந்தது. குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அப்பா பெயர், அம்மா பெயர், ஆணா பெண்ணா, எங்கே பிறந்தது. இவ்வளவும் எழுதிவிடுவோம். குழந்தையின் பெயர்க் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். பெயர் வைத்த பிறகு வந்து சேருங்கள் என்று சொல்லி அனுப்புவோம். நூற்றுக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள். பத்து வருஷம், பதினைந்து வருஷம் கழித்து ஸ்கூலிலோ பாஸ்போர்ட்டிலோ கேட்கும்போது ஓடி வருவார்கள்.

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன், ரிட்டையர் ஆன பிறகுதான் என் சான்றிதழையே எடுத்துப் பார்த்தேன். பிறந்த இடம்: ராமசாமி முதலியார் பிரசவ ஆஸ்பத்திரி. அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் சரி. பெயர்க் கட்டம் காலி. அதைப் பார்த்துச் சிரித்தேன், பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பெயர் இல்லாவிட்டாலும் நான் பதிவேட்டில் இருக்கிறேன். ஆயா பெற்ற ஒன்பதில் ஐந்து பேருக்கு அந்தக் காலிக் கட்டம்கூடக் கிடைக்கவில்லை. அவர்கள் இருந்த ஒரே பதிவேடு ஆயாவின் மனசு. 1979-ல் ஆயாவோடு அதுவும் போயிற்று. நான் கேட்டு வைத்த அளவுதான் மிச்சம்.

என் மகளும் 1990-ல் ஆர்.எஸ்.ஆர்.எம்.-மில்தான் பிறந்தாள். அப்போது அம்மா இருந்தார். ஆயா உட்கார்ந்த மாதிரியே ஒன்பது ராத்திரி உட்கார்ந்தார். தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று அம்மா, பயமில்லை என்றேன். "உனக்கு இன்னாடா தெரியும்" என்றார்.

எங்கள் வீட்டில் பெண்கள் பேரப்பிள்ளை பார்த்தார்கள், ஆண்கள் பார்க்கவில்லை. நாலு பிள்ளைக்கு ஒரு சம்பளம், சரக்குத் தூசி, ராத்திரி ஷிப்டு என்று நாற்பதிலும் ஐம்பதிலும் தீர்ந்துபோனார்கள். எங்கள் வீட்டில் மட்டுமா? 1918 விஷக்காய்ச்சலில் மட்டும் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேல் ஜனங்கள் செத்தார்கள். அந்தப் பத்தாண்டில் இந்தியாவில் பிறந்த குழந்தைக்குச் சராசரி ஆயுள் இருபது வருஷ அளவுதான். சுதந்திரம் வந்தபோது 32. இதற்கு எல்லோரும் முப்பதில் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. பிறந்ததில் அவ்வளவு குழந்தைகள் முதல் சில வருஷங்களிலேயே போயின, அதனால் சராசரி இறங்கிற்று. 1951 வாக்கில் ஆயிரம் குழந்தை பிறந்தால் 140-க்கு மேல் ஒரு வயசுக்குள் இறந்தன. 2020 கணக்கில் இந்தியாவில் அது 28, தமிழ்நாட்டில் 13.

பதிவேடு எழுதிய எனக்கு இந்த எண்கள் வெறும் எண்கள் அல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிசு மரணத்தை எழுதாமல் ஒரு வாரம் போகாது. ரிட்டையர் ஆகும் சமயத்தில் மாதக்கணக்கில் அந்தப் பக்கத்தைத் திருப்ப வேண்டி வராமல் இருந்தது. அதைச் செய்தது ஒரு ஆள் இல்லை. தெருத்தெருவாக வந்த நர்ஸம்மா, ஊசி, குழாய்த் தண்ணீர், பள்ளிக்கூடம் போன பெண்கள், நாள் தவறாமல் வந்த சம்பளம் எல்லாம் சேர்ந்து செய்தது. தாத்தா ஆவது என்பது தலை நரைத்தால் தானாக வரும் பட்டம் என்று நினைத்திருந்தேன். இல்லை. இரண்டு பேர் பிழைத்திருக்க வேண்டும். குழந்தையும் பிழைக்க வேண்டும், கிழவனும் அதுவரை இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்த இரண்டும் ஒன்றாகக் கூடிவர மூன்று தலைமுறை ஆயிற்று.

பேத்தி என்றால் பெயர்த்தி

மகளுக்குத் திருவொற்றியூரில் பிரசவம் என்றதும் எனக்குச் சின்ன வருத்தம். ஆர்.எஸ்.ஆர்.எம். சங்கிலி அறுகிறதே என்று. பிறகு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 2011-ல் திருவொற்றியூர், கத்திவாக்கம் எல்லாம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. ஆகவே அவளும் நான் இருக்கிற அதே மாநகராட்சிப் பதிவேட்டுக்காரிதான்.

குழந்தை பிறந்த அன்று காலை வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, கடலோரம் பட்டினத்தார் சமாதிக்கும் போனேன். எல்லாவற்றையும் துறந்த மனிதர். ஆனால் பெற்றவளுக்குக் கொள்ளி வைக்க மட்டும் திரும்பி வந்தார் என்பது கதை. பந்தம் வேண்டாம் என்று சொன்னவரையே பத்து மாதம் சுமந்த பந்தம் விடவில்லை. நான் எம்மாத்திரம்? சமாதியில் சாமி கும்பிட்டுவிட்டு, காசிமேட்டில் பால் சுறா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு. அதை எந்த டாக்டரும் தடுக்கவில்லை.

தடுத்தது சேனையைத்தான். குழந்தை நாக்கில் நான் தேன் தொட்டு வைக்க வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை. மகள் ஒரே பேச்சில், "அதெல்லாம் கூடாதுப்பா. ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான்" என்றாள். மனைவிக்கு முகம் வாடியது. நான் மகள் பக்கம் நின்றேன். தெரிந்தவர் சொல்லைக் கேட்டு, பழக்கத்தை விட்டுக்கொடுத்த ஆயா பேரன் நான். வீட்டில் பெற்றுக்கொள்ள வேண்டாம் என்று 1956-ல் ஆயா சொல்லியிருக்காவிட்டால் நான் எங்கே, இந்தக் குழந்தை எங்கே!

பெயர் வைக்கும் பேச்சு வந்தது. பேரன் என்பது பெயரன், பேத்தி என்பது பெயர்த்தி. பாட்டன் பாட்டி பெயரைத் தாங்குகிறவர்கள் என்றுதான் தமிழ் அவர்களைக் கூப்பிடுகிறது. ஆயா பெயரைச் சொன்னேன். பழைய பெயர், இந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்கள். மருமகன் யோசித்தார். மகள் யோசிக்கவில்லை. "ஸ்கூல்ல கூப்பிட ஒரு பேரு, வீட்ல கூப்பிட ஆயா பேரு. ரெண்டையும் சேர்த்தே எழுதிடலாம்ப்பா" என்றாள். அந்தப் பெயர்களை இங்கே போடக்கூடாது என்பதும் அவள் உத்தரவு. குழந்தை பெயரை ஊருக்கெல்லாம் சொல்லக்கூடாதாம். சரி, அடங்கிப்போகிறேன்.

பிறந்த பன்னிரண்டு மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. முப்பத்து மூன்று வருஷம் ஊருக்குச் சொன்னது. இந்தத் தடவை நானே விண்ணப்பத்தை எழுதி, இனிஷியல் சரியா, எழுத்துப் பிழை இல்லையா என்று மூன்று தடவை பார்த்துக் கொடுத்தேன். சான்றிதழ் வந்துவிட்டது. 1914-ல் எம்டனைப் பார்த்து ஓடிய பெண்ணின் பெயர் முதன்முதலாக ஒரு பிறப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் தாமதம். தாமதக் கட்டணம் இல்லை!

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு ஆயா எந்தச் சம்பவத்தை வைத்து வயசு சொன்னார்? எத்தனை பெற்றார், எத்தனை தங்கின? தெரிந்ததைப் பேரப்பிள்ளைகளுக்காக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பட்டா இல்லாத நமக்கு அதுதான் பட்டா.

கடைசியாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டி.டி. ஊசி போட்டாயிற்று, கிருமி இல்லாத கத்தரி, ஏ.சி. அறை, எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒன்பது ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மகள் வீட்டுக்கு வந்த பிறகு, கூடத்தில் படுத்துக்கொண்டு, அறையிலிருந்து குழந்தை பால் குடிக்கும் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி மகள் எட்டிப் பார்த்து, "இன்னும் தூங்கலியாப்பா?" என்றாள். "கொசு" என்றேன்.

பத்தாம் நாள் விடிந்ததும் குளித்துவிட்டுக் கல்மண்டபம் போனேன். அரைக் கிலோ கல்கண்டு வாங்கினேன். எங்கள் தெருவில் முதல் வீட்டு அம்மா வாங்கிக்கொண்டே, "என்ன சார், குழந்தை பிறந்து பத்து நாள் ஆச்சே, இப்பத்தான் கொடுக்குறீங்க?" என்று கேட்டார்.

"இன்னைக்குத்தாம்மா பிறந்தா" என்றேன்.